மூன்று முறை திரும்பிய படிவம்

முதலில் ஒரு சின்ன விஷயம் ஐயா. வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த தாளில் இடது பக்கம் ஓரம் விடவில்லை. கோப்பில் துளையிட்டுக் கட்டும்போது வரிக்கு இரண்டு எழுத்து மறைந்துபோகும். நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருடம் தாளோடு குடும்பம் நடத்தியவன், கை சும்மா இருக்காது.

பல்கலைக்கழகத்தில் என் வேலை வெளிப்படுத்தல் பிரிவில். பெயர்தான் பெரிது. ஒரு மேசை, மூன்று அலமாரி, மழை வந்தால் வாளி வைக்க ஒரு மூலை, அவ்வளவுதான். அங்கே சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் நிரப்பி, உறையில் ஒட்டி, என்னிடம் தர வேண்டும். மொத்தம் ஒன்பது கேள்வி. முதல் எட்டும் பெயர், பதவி, முகவரி போன்றவை. ஒன்பதாவதுதான் வில்லங்கம். பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள எந்த நிறுவனத்திலாவது உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ பங்கு, பதவி, ஆதாயம் உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் இருக்கும்.

'ஆம்' என்று குறித்தால் அந்தப் படிவம் ஐவர் குழுவுக்குப் போக வேண்டும். ஐவரில் மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், அந்த இடத்துக்கு இதுவரை யாரையும் போடவில்லை. குழு கூடி மூன்று வருடம் ஆகிறது. குழு கூடும்வரை 'ஆம்' போட்டவருடைய ஆராய்ச்சி நின்றுவிடும். பாவம், அவர்கள் பிழைப்பு என்ன ஆவது? அதனால் யார் வந்து தலையைச் சொறிந்தாலும், பேசாமல் 'இல்லை' போடுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுப்பேன். கேன்டீனில் எனக்கு 'இல்லை சார்' என்றே பட்டப்பெயர். "இல்லை சார் வர்றாரு, டீ இருக்கான்னு அவர்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். யாருக்கும் கெடுதல் செய்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

என்னுடைய படிவத்தையும் கேட்டீர்கள். அதிலும் 'இல்லை'தான். என் மாப்பிள்ளை நீங்கள் விசாரிக்கிற கண்மருந்து நிறுவனத்தில் வட்டார மேலாளர் என்பது உண்மை. ஆனால் குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்கள் என்று விதியில் இருக்கிறது. மகளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படி. அவர்கள் தலைக்கு மேல்தான் கூரை, எங்கள் தலைக்கு மேல் இருப்பது அவர்களுடைய தரை. இதை நான் நிறைய யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

இப்போது அக்கா விஷயம். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். தையல் மிஷின் மிதித்து என்னைப் படிக்க வைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள். ஆறு வருடமாக அவளுக்குக் கண் அழுத்த நோய். பழைய மருந்தில் நோய் அடங்கித்தான் இருந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் மாப்பிள்ளை நிறுவனத்தின் புதுச் சொட்டு மருந்தைச் சோதிக்க ஆரம்பித்தபோது நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். ஒரு ஆள் குறைந்தது. "மாமா, அத்தைய சேத்துவிட்டா எண்ணிக்கை சரியாயிடும்" என்றார் மாப்பிள்ளை. அக்காவிடம் கேட்டேன். "நீ சொன்னா சரிதான்டா" என்று கைநாட்டு வைப்பதுபோலக் கையெழுத்துப் போட்டாள். பழைய மருந்தை நிறுத்தினோம். அவளுக்கு நாற்பதாம் எண் கொடுத்தார்கள்.

ஐந்து மாதம் கழித்துப் படிவ மாதம் வந்தது. கண் துறையில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார், உதவிப் பேராசிரியர், சோதனை நோயாளிகளைப் பார்த்துவந்தவர். அவருடைய உறையைப் பிரித்தேன். ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்'. கூடவே இரண்டு பக்கக் கடிதம். வெளியூர் மாநாட்டுக்குப் போய்வர அந்த நிறுவனம் தனக்குச் செலவு செய்ததாக எழுதியிருந்தார். துறைத்தலைவர் அதே நிறுவனத்துக்கு ஆலோசகர் என்றும் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. புது மருந்து போடுகிறவர்களில் ஏழு பேருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, பக்கப் பார்வை சுருங்குகிறது, போன பார்வை திரும்பாது, உடனே நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கீழே ஏழு எண்கள். கடைசி எண் நாற்பது.

இதை ஏன் என்னிடம் அனுப்பினார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் இடத்தில் யார் எதை எழுதினாலும் துறைத்தலைவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. துறைத்தலைவர் பார்க்காமல் போகிற ஒரே தாள் என்னிடம் வரும் இந்த உறைதான். கெட்டிக்காரப் பெண். அந்த ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் படித்தேன், எண் மாறவில்லை. இதை மேலே அனுப்பினால் சோதனை நிற்கும், மாப்பிள்ளை வேலை போகும். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். என் படிவமும் வெளியே வரும், ஓய்வூதியம் போகும். நான் எந்தப் பக்கம் திரும்புவது? என்னிடம் இருந்ததோ ஒரு முத்திரை: 'குறைபாடு, திருப்பி அனுப்பப்படுகிறது'. அதைக் குத்தினேன்.

முதல் தடவை, கடிதம் இணைப்புப் படிவத்தில் இல்லை என்று திருப்பினேன். மறுநாளே இணைப்புப் படிவத்தில் எழுதி அனுப்பினார். பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் இல்லை என்று மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவை நேரிலேயே கொண்டுவந்தார். நோயாளிகளின் விவரம் இருப்பதால் ஏற்க முடியாது என்றேன்.

"சார், இதுல ஏழு பேரோட கண்ணு இருக்கு."

"விதி இருக்கேம்மா. நான் என்ன செய்ய?"

"வேற யார்கிட்ட போறதுன்னு எனக்குத் தெரியல சார். எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. உங்க வீட்டு ஆள் இதுல இருந்தா இப்படித் திருப்புவீங்களா?"

"என் வீட்டு ஆளா இருந்தாலும் விதி ஒண்ணுதாம்மா" என்றேன்.

அந்தப் பெண் அழுதார். தண்ணீர் கொடுத்தேன். அன்று கடைசித் தேதி. படிவம் தராதவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. அந்தப் பட்டியலில் ஏறினால் ஆராய்ச்சி அனுமதி தானாக ரத்தாகும். ரத்து ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன். நோயாளிகளின் அறைச் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ரெண்டு ஓரத்துலயும் இருட்டா வருதுடா. வாசப்படி தெரியாம இடிச்சுக்கிட்டேன். இந்த மருந்த நிறுத்திட்டுப் பழசையே போட்டுக்கவா?"

ஒரு வார்த்தைதான், நிறுத்து என்று சொன்னால் போதும். ஆனால் பாதியில் விலகுகிற நோயாளியை வெளி டாக்டர் ஒருவர் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்பது சோதனை விதி. அவர் பார்த்தால் அந்தப் பெண் எழுதியதெல்லாம் உண்மையென்று ஆகிவிடும். மாடியில் மகள் நடக்கும் சத்தம் கேட்டது.

"பெரிய டாக்டருங்க குடுத்ததுக்கா. போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

"நீ அங்கதானே இருக்க, உனக்குத் தெரியாததா" என்று அடுத்த துணியை எடுத்தாள்.

கொஞ்ச நாளில் அவளால் சொட்டைச் சரியாக விட முடியவில்லை. கன்னத்தில் வழிந்தது. குப்பிகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திருப்பி வாங்கி எடை போடுவார்கள், அளவு தவறினால் கேள்வி வரும். அதனால் நானே விட ஆரம்பித்தேன். காலையில் அலுவலகம் கிளம்பும் முன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை. நாற்காலியில் உட்கார வைத்து, முகவாயைத் தூக்கி, கீழ் இமையை இழுத்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. சின்ன வயதில் எனக்குக் கண்வலி வந்தபோது அவள் அப்படித்தான் விட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன விசாரணையில் ஒரு கேள்வி கேட்டீர்கள். குப்பியிலிருந்து இரண்டு சொட்டைத் தரையில் விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் பழைய மருந்தைப் போட்டிருக்கலாமே, எடையும் சரியாக இருந்திருக்குமே என்றீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் முதல் வாரமே தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால் நாற்பதாம் எண்ணின் அளவுகள் மட்டும் பொய்யாகிவிடும். ஆராய்ச்சியில் பொய் கலக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்தனை வருடப் பணியில் ஒரு தாளைக்கூட நான் திருத்தியவனில்லை ஐயா. திருப்பித்தான் அனுப்பியிருக்கிறேன்.

பேத்தி பிறந்தாள். மகள் கீழே கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா குழந்தையின் முகத்தை விரலால் தடவிப் பார்த்து, "மூக்கு நம்ம அம்மா மூக்குடா" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்கு மேல் நான் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் டாக்டர் நகல்களைப் பத்திரமாக வைத்திருந்து நீதிமன்றத்துக்குப் போனதும், சோதனை நின்றதும், விசாரிக்க நீங்கள் வந்ததும் உங்களுக்கே தெரியும். ஏழு பேரில் மூவருக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது என்று படித்துக்காட்டினீர்கள். அக்கா அந்த மூவரில் ஒருத்தி.

நேற்று அவளையும் கூப்பிட்டு விசாரித்தீர்கள். கைபிடித்து அழைத்து வந்தவன் நான்தான், கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் சொன்னது காதில் விழுந்தது. "என் தம்பி மேல எந்தத் தப்பும் இல்லீங்க. பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்காது. காலைல சாயங்காலம் அவன் கையாலதான் மருந்து விட்டான்."

அந்த மருந்து என்ன செய்யும் என்று விடும்போது தெரியுமா என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. தெரியும். படிவத்தைப் பிரித்த நாளிலிருந்து தெரியும். ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் விட்டேன். ஆனால் அக்கா சொன்னதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள் ஐயா. நூற்றுப் பதினெட்டு நாள், நாளுக்கு இரண்டு தடவை, ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை.