பனிமணியப் பத்திரமும் அதன் பின்பக்கமும்

நாற்காலியின் மூன்று காலை நம்பி, நான்காவது காலை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் ஊர்த்தலைவர் ஹில்கே அவர்களே! தலை நரைத்தும் தர்க்கம் நரைக்காத ஓல்டமேர் ஊர்ப் பெரியோர்களே! பட்டாணிக் கஞ்சி அடிப்பிடித்துவிடுமோ என்று பாதி உடம்பைத் தேவாலயத்திலும் பாதி உடம்பை வாசலிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! மூன்று மணிப் பந்தயத்துக்கு இப்போதே சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு ஆண்டவன் வீட்டுத் தரையைக் கீறிக்கொண்டிருக்கும் காளையரே, கன்னியரே! வலப்பக்கம் வீற்றிருக்கும் என் டைக்ஸ்ட்ரா குலத்தோரே! இடப்பக்கம் வீற்றிருந்து, நான் வாயைத் திறக்குமுன்பே கொட்டாவி விடும் போஸ்மா குலத்தோரே! அனைவருக்கும் கோஸ்ஸே டைக்ஸ்ட்ராவின் குளிர்கால வணக்கம்!

என்ன சத்தம் அங்கே? "வணக்கம் போதும், விஷயத்துக்கு வா" என்கிறார்கள். குரலைக் கேட்டாலே தெரிகிறது, வீட்ஸ்கே போஸ்மா அம்மையார். வருகிறேன் அம்மையே, வருகிறேன்! எழுபது வயதில் வேகமாக வந்தால் வழியில் எதையாவது விட்டுவிட்டு வருவேன்.

இதோ, எனக்குப் பின்னால் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரே ஒரு தாள். உலகம் முழுவதும் உள்ள அறிஞர்கள் இந்தத் தாளுக்காக ஏங்குகிறார்களாம். நாம் எதற்கு ஏங்குகிறோம்? கஞ்சிக்கு ஏங்குகிறோம். இருக்கட்டும்.

முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் குடியிருந்தார் அட்ரியான் ஃபெல்டன் என்னும் தத்துவ மேதை. சிந்தனைச் சிகரம்! சொற்களின் சமுத்திரம்! குடியிருந்தது எங்கள் வீட்டு மாடியறையில். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஆன்மாவைப் பற்றி எழுதினார். அறிவைப் பற்றி எழுதினார். அண்டத்தைப் பற்றி எழுதினார். ஆயிரம் பக்கம் எழுதினார் ஐயா! பிழைத்தது எத்தனை? பதினான்கு தாள்!

மற்றவை எங்கே என்று நகரத்திலிருந்து வந்த முனைவர் மாரைக்கே கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? அவர் கண்மூடிய குளிர்காலத்தில் விறகு தட்டுப்பாடு. எங்கள் வீட்டுக் கிழவி தன் சகோதரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் சொல்கிறாள்: "ஆன்மாக் கட்டு நல்லா நின்னு எரிஞ்சுச்சுடி. அண்டத்தைப் பத்தி எழுதினதுதான் ஒரே புகை." இதைப் படித்துவிட்டு அந்தப் பெண் முனைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயிறு எரிகிறதே என்று அவர் அழ, வயிறு வலிக்கிறதே என்று நான் சிரித்தேன். என்னை மன்னிக்கட்டும்.

சரி, அந்தப் பதினான்கு மட்டும் ஏன் பிழைத்தன? தத்துவத்தின் மகிமையா? இல்லை! கடவுளின் கருணையா? இல்லவே இல்லை! காகிதத்துக்குப் பஞ்சம் வந்தபோது மனிதர் ஊர்த் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். பதின்மூன்று தாள்களின் முன்பக்கத்தில், கரை உடைந்தால் எந்த வீட்டுக்காரன் மண்வெட்டியோடு வரவேண்டும் என்கிற முறைப்பட்டியல். அதை எவன் எரிப்பான்? எரித்தால் பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்கு வராமல் ஏமாற்றிவிடுவானே! தத்துவத்தைக் காப்பாற்றியது, பக்கத்து வீட்டுக்காரன் மேல் நமக்கு இருந்த சந்தேகம். சிரிக்காதீர்கள், அந்தப் பட்டியலில் இன்னும் முறை தீராதவர்கள் இங்கே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பதினான்காவது தாள்தான் இது. இதன் முன்பக்கம் உங்களில் யாருக்குத் தெரியாது? கால்வாய் உறைந்ததா, கால் வைக்கலாமா என்று ஊருக்குச் சொல்லும் பனிமணியம் யாருக்கு என்று டைக்ஸ்ட்ரா வீட்டுக்கும் போஸ்மா வீட்டுக்கும் சண்டை. சண்டையைத் தீர்க்கப் பனிச்சறுக்குப் பந்தயம். எங்கள் வீட்டுக்கு ஏல்கே, அவர்கள் வீட்டுக்கு டௌவே. முதலில் வருபவன் வீட்டுக்கே வழிவழியாக மணியம். நடுவர் யார்? வெளியூர்க்காரர், குடிக்காதவர், இருவருக்கும் உறவில்லாதவர், நம் ஃபெல்டன். அவர் கைப்பட எழுதிய தீர்ப்பு: "முதலில் வந்தவன் ஏல்கே டைக்ஸ்ட்ரா."

அந்த ஒரு வரி! அந்த ஒரு வரியைப் பலகையில் ஒட்டி, சட்டம் போட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அந்த ஒரு வரியால் என் பாட்டன் மணியம் பார்த்தார், என் தகப்பன் மணியம் பார்த்தார், முப்பத்தொரு குளிர்காலமாக நான் பார்க்கிறேன். பனி துளைக்கும் இந்தக் கோல் என் கைக்கு வந்தது அந்த ஒரு வரியால்தான்.

இடப்பக்கம் ஏதோ முணுமுணுப்பு. "நல்லா பார்த்த மணியம்! பாலத்தடியில முங்கினியே!" ஆமாம் அம்மையே, முங்கினேன். மறைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், காற்றாலையோரம் துளையிட்டு அளந்துவிட்டு, "பனி பாறை போல இருக்கிறது!" என்று ஊருக்கு முரசறைந்து, முதல் ஆளாகச் சறுக்கிப் பாலத்தடிக்குப் போனேன். பாறை பிளந்தது. என் தொப்பி மட்டும் மேலே நின்றது. ஏணியைப் போட்டுக் குப்புறப் படுத்து என் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தது யார்? இதே வீட்ஸ்கே. இழுத்துப் போட்டுவிட்டு என்ன சொன்னார்? "ஏண்டா, தண்ணி ஓடுற இடத்துல பனி மெலிசா இருக்கும்னு உனக்கு ஒருத்தர் வந்து பத்திரம் எழுதித் தரணுமா?" அன்றைக்கு எனக்குக் குளிரைவிட அந்தச் சொல்தான் அதிகம் குத்தியது.

இப்போது கேளுங்கள். சென்ற வாரம் முனைவர் மாரைக்கே அந்தத் தாளை ஆவி காட்டிப் பலகையிலிருந்து பிரித்தார். ஒட்டிக் கிடந்த பின்பக்கம் வெளியே வந்தது. லத்தீன்! தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐயா, உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லும்மா."

"மொதல்ல உக்காருங்க ஐயா."

உட்கார்ந்தேன். படித்தார். அதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். வலப்பக்கத்தாரே, நீங்களும் கொஞ்சம் கெட்டியாக உட்காருங்கள்.

"நான் பார்க்கவில்லை. முடிவுக் கோட்டருகேதான் நின்றேன். ஓடுகின்ற ஒரு பொருள் ஒரு கணத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விடை கிடைத்தது. மகிழ்ந்து நிமிர்ந்தேன். இருவரும் கோட்டைத் தாண்டி நின்றார்கள். 'யாரு? யாரு?' என்று ஊர் கத்தியது. எவன் மூக்கு அதிகம் சிவந்திருந்ததோ அவனைக் காட்டினேன். அந்தக் கூச்சலில், கிடைத்த விடையும் மறந்துபோயிற்று."

அமைதி! அமைதி! போஸ்மா குலத்தோரே, தொப்பியை வீசுவது பிறகு இருக்கட்டும், அது ஆண்டவன் விளக்கில் போய் விழும். தம்பி, அந்தக் காலணியோடு பெஞ்சு மேல் ஏறாதே!

எங்கள் மணியம், எங்கள் மகுடம், எங்கள் மூன்று நூற்றாண்டு மார்தட்டல், எல்லாம் எதன்மேல் நின்றது? ஒரு சிவந்த மூக்கின் மேல்!

முனைவர் நல்ல பெண். "ஐயா, பெட்டியில ஒரு பக்கம்தான் தெரியும். தாள் உங்க வீட்டுது. எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். லத்தீன் தெரிந்தவர் நம் ஊரில் எவர்? போதகருக்கே பாதிதான் தெரியும். கோபிக்காதீர்கள் போதகரே. முன்பக்கத்தை வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சாகும்வரை மணியக்காரன். மூன்று நாள் யோசித்தேன். பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறோம் என்று என் மனம் எனக்கே வக்கீல் வைத்து வாதாடியது.

நேற்றுக் காலை பனி அளக்கப் போனேன். நான் துளையிடும் இடத்துக்கு அருகில் இன்னொரு துளை, பக்கத்தில் அளவு கீறிய ஒரு குச்சி. புதிதல்ல, ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பதவியில்லாமல், பாராட்டில்லாமல், யாரும் கேட்காமல், முப்பது ஆண்டாக எனக்கு முன்பே வந்து அளந்துவிட்டுப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். இந்த ஊர்ப் பிள்ளைகள் மூழ்காமல் இருப்பது என் பத்திரத்தாலா? அந்தக் குச்சியாலா? கேட்கிறேன், பத்திரத்தாலா, குச்சியாலா? அங்கேயே நின்று அழுதேன். கண்ணீர் உறைந்து இமை ஒட்டிக்கொண்டது, அது வேறு கதை.

பெரியோர்களே! ஆயிரம் பக்கம் உண்மையைப் பற்றி எழுதினார் அந்த மேதை. பெரும்பாலும் அடுப்பில் எரிந்தது. எரியாமல் மிஞ்சிய இந்தத் தாளில் அவர் உண்மையைப் பற்றி எழுதவில்லை, உண்மையை எழுதினார். ஆனால் ஊரார் முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் பின்பக்கத்தில் எழுதினார், ஊருக்குப் புரியாத மொழியில் எழுதினார். பார்க்கவில்லை என்ற ஒரு சொல் பலகையைவிட்டு வெளியே வர முந்நூற்று நாற்பது ஆண்டு ஆயிற்று! இதோ திரையை விலக்குகிறேன். பாருங்கள், பின்பக்கம்தான். இனி இதுதான் முன்பக்கம்.

வீட்ஸ்கே போஸ்மா அம்மையாரே, மேடைக்கு வாருங்கள். இந்தக் கோலை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீடு வென்றது என்பதற்காக அல்ல, யார் வென்றார் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். பனி தெரிந்தவர், அந்தக் குச்சியை நட்டவர் நீங்கள் என்பதற்காக.

வாங்கிவிட்டார்! கைதட்டுங்கள்! என்னம்மா கேட்கிறீர்கள்? ஒலிபெருக்கியில் கேளுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"மூணு மணிக்குப் பந்தயம்னு சொன்னியே. பாலத்தடியில பார்த்தியா?"

சபையோரே, முந்நூறு கண்கள் என்னைப் பார்க்கின்றன. காற்றாலையோரம் பதின்மூன்று சென்டிமீட்டர் என்று சொல்லிச் சமாளிக்கலாம். தலையைத் தலையை ஆட்டலாம். லத்தீனும் எனக்குத் தெரியாது. ஆகையால் நம் மொழியிலேயே, உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

நான் பார்க்கவில்லை.

"எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கு, நான் அளந்தேன். பந்தயம் கிடையாது. எல்லாரும் காலணியைக் கழட்டுங்க."

கேட்டீர்களா புதிய மணியத்தின் முதல் ஆணையை? கழற்றுங்கள் காளையரே, கழற்றுங்கள் கன்னியரே! உங்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய வீட்ஸ்கே அம்மையாருக்கும், ஒட்டியதைப் பிரித்த முனைவருக்கும், அடுப்புக்குத் தப்பிய தாளுக்கும், இவ்வளவு நேரம் என்னை எழுந்துபோய் அடிக்காமல் இருந்த என் சொந்தக் குலத்தாருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம். கஞ்சி அடிப்பிடிக்கிறது, ஓடுங்கள்!