கல்லறை வளைவில் அழுத கார்

மேடையேறி அறிவுரை சொன்னா உங்களுக்குக் கொட்டாவி வரும்னு எனக்குத் தெரியும். அதனால ஒரு சின்னக் கதை சொல்லிட்டு இறங்கிடறேன். நான் டாக்டர் இல்லை. கார் ரிப்பேர் பார்க்கிறவன். அதனால கார் கதைதான் வரும்.

நம்ம ஊர் செலின் அக்காவை உங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க வீட்டுக்காரர் தாசையன் அண்ணன் போன வருஷம் தவறிட்டார். சர்ச்சுல முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுவாரம், அக்கா காரை என் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தாங்க. டயர் மாத்த. வாசல்ல ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பினாங்க பாருங்க... இஞ்சின் பக்கமிருந்து ஒரு சத்தம். ஊஊஊ...ன்னு. ஒரு ஆள் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதா எப்படி இருக்கும்? அப்படி.

"அக்கா, என்ன சத்தம் இது? எத்தனை நாளா வருது?"

"அத நீ தொடாண்டாம் தம்பி. டயர மட்டும் மாத்து."

"ஏன்?"

அக்கா குரலைத் தணிச்சுச் சொன்னாங்க... "அது அவரு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அஞ்சு வருஷம் இஞ்சினைப் படிச்சவன்கிட்ட இப்படிச் சொன்னா? "அக்கா, செத்தவங்க பானெட்டுக்குள்ள உட்கார மாட்டாங்க. எடம் பத்தாது"ன்னேன். அக்கா சிரிக்கலை. "விடியக்காலம் பூசைக்குப் போவும்போ ஏறி இருந்து பாரு. அதுக்குப் பொறவு பேசு"ன்னாங்க.

போனேன். அஞ்சரை மணி. பின் சீட்டுல அவங்க மக ஆன்சி, ரெண்டு காதையும் துப்பட்டாவால சுத்திக் கட்டிக்கிட்டு இருக்கா. நேர் ரோட்டுல கார் ஒழுங்கா ஓடுது. சத்தமே இல்லை. கல்லறைத் தோட்டம் வந்தது. அந்த வளைவு உங்களுக்குத் தெரியும்... இடது பக்கம் கல்லறை, வலது பக்கம் குளம், நடுவுல ஒரு கார் போற அகலம். அக்கா ஸ்டியரிங்கை முழுசா இடது பக்கம் ஒடிச்சாங்க.

ஊஊஊ...

அங்கேயே நிறுத்திட்டாங்க! ஒடிச்ச ஸ்டியரிங்கை விடாம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே"... அவங்க செபிக்கச் செபிக்க அது அழுவுது. பனி. ஹெட்லைட் வெளிச்சத்துல வெள்ளைச் சிலுவைங்க. அதுல புதுசா ஒண்ணு, தாசையன் அண்ணன் பேர் போட்டது. உண்மையைச் சொல்றேன்... என் கையில மயிர் குத்திட்டு நின்னுச்சு. 'ஆமென்' சொன்னாங்க. ஸ்டியரிங்கை நேராக்கினாங்க. சத்தம் நின்னுச்சு.

"பாத்தியா? செபம் முடிஞ்சா அடங்கிருவாரு."

ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேன். அப்புறம்தான் மூளை வேலை செஞ்சது.

"அக்கா, செபம் பண்ணாதீங்க. ஸ்டியரிங்கை மட்டும் திருப்புங்க."

அழுதது.

"நேராக்குங்க."

நின்னுச்சு.

"இப்போ வலது பக்கம் ஒடிங்க."

ஊஊஊ... அதே அழுகை!

"ஏன்க்கா, வலது பக்கம் குளம்தானே இருக்கு? அண்ணன் குளிக்கப் போயிட்டாரா?"

பின் சீட்டுல ஆன்சிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு மாசத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு அது.

பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சேன். ஸ்டியரிங்கை லேசாக்குற பம்ப் ஒண்ணு இருக்கு. அதுக்கு எண்ணெய் வேணும். டப்பாவுல அடியில ஒரு விரல் அகலம்கூட எண்ணெய் இல்லை. கீழ ரப்பர் குழாய் வெடிச்சு, சொட்டுச் சொட்டா ஒழுகிப் போயிருக்கு. எண்ணெய் இல்லாம காத்தை இழுக்குது பம்ப். முழுசா ஒடிச்சாதான் அதுக்கு பாரம் அதிகம். அக்கா தினமும் முழுசா ஒடிக்கிற ஒரே இடம் எது? அந்த வளைவு! அங்க நிறுத்திப் பிடிச்சா அழாம என்ன செய்யும்? இன்னும் நாலு நாள் போயிருந்தா பம்ப் செத்திருக்கும். ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகியிருக்கும். அந்த வளைவுல ஒடிக்க முடியலைன்னா கார் எங்க போகும்? நேரா குளம். தாயும் மகளும்.

குழாய் மாத்தினேன். எண்ணெய் ஊத்தினேன். காத்து வெளியேற ரெண்டு பக்கமும் பத்து தடவை ஒடிச்சேன். மறுநாள் காலைல அதே நேரம், அதே வளைவு. அக்கா ஒடிச்சாங்க. சத்தமே இல்லை. நான் பெருமையா திரும்பிப் பார்க்கிறேன்... அக்கா அழுதுக்கிட்டு இருக்காங்க.

"என்னக்கா? சரியாயிட்டுதே?"

அக்கா சிலுவையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க... "அவருக்கும் இப்படித்தான் தம்பி. கடைசி ஒரு மாசம். விடியக்காலம் எந்திரிச்சி இருந்து நெஞ்சத் தடவிக்கிட்டு, ஊஊன்னு ஒரு மொனங்கல். வாயுன்னு சொன்னாரு. நானும் வாயுன்னு சொன்னேன். ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். குடிச்சா அடங்கும்..."

அடங்கும். செபம் முடிஞ்சா அடங்கின மாதிரி.

அக்கா அதோ மூணாவது வரிசையில இருக்காங்க. இதைச் சொல்லுன்னு அவங்கதான் சொன்னாங்க. இல்லைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போ உங்ககிட்ட வரேன். இந்த மருத்துவ முகாமுக்கு எத்தனை பேர் வந்திருக்கீங்க? டீயும் வடையும் முந்நூறு பேருக்குப் போயிருக்கு. இ.சி.ஜி. மேசையில பேர் குடுத்தது எத்தனை பேர்? பதினோரு பேர். மிச்சப் பேருக்கெல்லாம் என்ன? வாயு. அசதி. வெயில். வயசு. சத்தத்துக்கு ஒரு பேர் வச்சுட்டா போதும், நமக்குத் தூக்கம் வந்துடும். அக்கா காருக்கு வச்ச பேர் 'அவரு'. மாரடைப்புல போன அண்ணனுக்கு வச்ச பேர் 'வாயு'. காரோட பானெட்டையாவது திறந்து பார்த்தாச்சு. அண்ணனோடதை யாருமே திறக்கலை.

ஃபேனை நிறுத்துங்க தம்பி. மைக்கையும் நிறுத்தப் போறேன். ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க... உங்களுக்குள்ள கேளுங்க...

ஏதாவது கேட்குதா?

கேட்டவங்க எழுந்திரிங்க. இ.சி.ஜி. மேசை இடது பக்கம்.