விற்கிறவள் சட்டியில் என்ன வேகுது

— அந்தச் சாக்கை அக்கட்ட தள்ளி வை கண்ணு, என்ற சேலை காயுது. கருவாட்டு வாசத்தோட நாளைக்குக் கம்பெனிக்குப் போனா, சூப்பர்வைசரு என்னையத் தனி டேபிள்ல உக்கார வெச்சுப்போடுவான்.

— வெயிலு படட்டும்னுதான் மாடிக்குக் கொண்டாந்தேன், எக்கா. வீட்டுக்குள்ள வச்சா பூத்துப் போவும். முந்தி வந்ததே பாதி அப்படியே கெடக்கு.

— பாதியா? முன்னெல்லாம் உன்ற மூட்டை பஸ்ஸை உட்டு எறங்கி இந்தக் கேட்டைத் தாண்டறதுக்குள்ள காலியாகுமே. மருதாள் நெத்திலிக்குன்னு டப்பாவே குடுத்து வெச்சிருந்தாளே.

— அந்த மருதாக்கா டப்பாவைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாவ. கேட்டா கிருத்திகை விரதம்னாவ. அடுத்த வாரம் கேட்டேன், சஷ்டின்னாவ. அப்பறம் பங்குனி உத்திரம்னாவ. லைன் வீடு பூராவும் ஒரே நேரத்துல பக்தி முத்திப் போச்சுன்னு நெனச்சேன். நேத்து கம்பெனியில முனீசுதான் சொல்லுதான், செல்லாத்தா அக்கா ஏதோ சொன்னாவளாம். நீங்க என்ன சொன்னிய, எக்கா?

— நானென்னத்தச் சொன்னேன்? நா வாயே தொறக்கல. ஊருக்குள்ள பேசறதைக் காதுல வாங்குனேன். வாங்குனதை வெச்சுக்க எடமில்லாம மருதாகிட்ட ரண்டு வார்த்தை எறக்கி வெச்சேன். அத்தோட செரி.

— அந்த ரெண்டு வார்த்தையத்தான் கேக்கேன்.

— சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. உங்க ஊர்ல பூமி ஆடுச்சா இல்லையா?

— ஆடிச்சு. காலம்பற எங்கம்மை அடுக்களையில நின்னாவ. தட்டுல கவுத்தி வச்ச டம்ளரு கலகலன்னுச்சாம். பூனைதான் உருட்டுதுன்னு அதை வஞ்சிருக்காவ. அதோட நின்னு போச்சு. ஒரு சுவரு விழல, ஒரு ஓடு நழுவல.

— ஆனா அந்த அணு உலை பக்கத்துலதானே இருக்குது?

— எங்க வாசல்ல நின்னா அந்த உருண்டைக் கூரை தெரியும். சின்னப் பிள்ளையில அதைக் காட்டித்தான் எங்கம்மை சோறு ஊட்டுவாவ.

— நாங்க நெலாவைக் காட்டுனோம். செரி, டம்ளரு ஆடுன பூமியில அது மட்டும் ஆடாம நிக்குமா?

— அதைத்தான் எங்க ஆளுவளும் கேட்டாவ. மறுநா மைக்கு கட்டி ஒரு வண்டி வந்துச்சாம். ஒண்ணும் பயமில்ல, எல்லாம் பத்திரமா இருக்கு, வதந்தியை நம்பாதியன்னு தெருத்தெருவா சொல்லிட்டுப் போனாவளாம்.

— ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி மைக்கு? இங்க ஆத்துல சாயத்தண்ணி ஓடுனப்பவும் இப்படித்தான் வந்தாங்க. தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டு, அவிய கொண்டாந்த கேன் தண்ணியக் குடிச்சுட்டு வண்டி ஏறிட்டாங்க.

— எங்க சூசையண்ணன் சும்மா இருக்கல, எக்கா. மீனைப் பரிசோதனை பண்ணித் தாங்கன்னு ஐசுப் பெட்டியில வச்சு ஒரு ஆபீசுக்குக் கொண்டு போனான். அங்க, இது எங்க வேலையில்லன்னு இன்னொரு ஆபீசைக் காட்டுனாவ. அங்க, எழுதிக் குடுத்துட்டுப் போன்னாவ. எழுதிக் குடுத்துக்கிட்டு நிக்கும்போதே ஐசு உருகிப் போச்சு. நாறுன மீனை உள்ள கொண்டாராதன்னு வெரட்டி விட்டுட்டாவ.

— அதுக்காச்சும் ஒரு ரிசல்ட் சொன்னாங்களே. நாறுதுன்னு.

— சிரிக்காதிய. அங்க யாவாரிக வாங்க மாட்டேங்கானுவ. கேரளாவுக்குப் போற லோடையும் திருப்பிட்டானுவ. மிச்சம் இருந்தது நா ஒருத்தி. திருப்பூர்ல நம்ம ரோஸ்மேரி இருக்கா, பனியன் கம்பெனி சனம் பூரா அவட்டதான் வாங்கும்னு எங்கம்மை அக்கம்பக்கம் பூரா சொல்லி வச்சிருக்காவ.

— நா உனக்காகத்தாம் பேசுனேன் அம்முணி, மொதல்ல. அந்த ஓவர்லாக் மிசின் முனீஸ் இருக்கறானல்லோ, டீ டைம்ல செல்லைத் தூக்கிட்டு வந்தான். எந்தக் கடலோ என்னமோ, மீனு செத்து ஒதுங்கிக் கெடக்குது. இது ரோஸ்மேரி அக்கா ஊருங்கறான். டேபிள் பூரா அவன் தலைக்கு மேல எட்டிப் பாக்குது. நாந்தான் கேட்டேன், ஏன்டா, அந்தக் கரையில பனி பேஞ்சு வெள்ளையாக் கெடக்குதே, தெக்க எங்கடா பனி பேயுதுன்னு. அல்லாருஞ் சிரிச்சுப்போட்டு நூல் பிசிர் வெட்டப் போயிட்டாங்க. அன்னைக்கு உன்ற யாவாரத்தைக் காப்பாத்துனது இந்தச் செல்லாத்தா.

— அப்பறம் கவுத்துனது?

— அந்த மருதாள் சும்மா இருக்கோணுமல்லோ. அக்கா, நீங்கதான் பக்கத்து ஊடு, அவ அதைய ஆக்கித் திங்கறாளான்னு கேட்டா. நாயமான கேள்வி. எனக்கு அந்த நாயம் நல்லாத் தெரியும். எங்க மாமனாரு தோட்டம் ஆத்தோரம். கெணத்துத் தண்ணி ஒரு நாளைக்குச் செவப்பு, ஒரு நாளைக்கு ஊதா. டவுன்ல என்ன கலர் ஆர்டர் ஓடுதுன்னு கெணத்தை எட்டிப் பாத்தே சொல்லிப்போடலாம். மத்த வெள்ளாமையெல்லாம் போச்சு, தென்னை மட்டும் காச்சுது. எளநியை வெட்டி லாரியில ஏத்துவோம், அது எங்கியோ போயிரும். ஊட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தா, மனுசன் கடையில சோடா வாங்கியாரச் சொல்லுவாரு. விக்கறவன் சட்டியில என்ன வேகுதுன்னு பாத்தாப் போதும் கண்ணு, சரக்கோட சேதி தெரிஞ்சு போகும். அதுக்கு ஆபீசும் வேண்டாம், மிசினும் வேண்டாம்.

— அதான் எஞ்சட்டிய எட்டிப் பாத்தியளாக்கும்.

— நா எங்க எட்டிப் பாத்தேன்? உன்ற சன்னல் தொறந்து கெடந்துது. காத்தும் என்ற பக்கமே அடிச்சுது. ஒரு நாளு பருப்பு. மக்யா நாளு கீரை. அப்பறம் ரசம். புள்ளைக்கு ஒரு முட்டை கூட இல்லை. கருவாடு வறுத்தா இந்த லைன் ஊட்டுல யாருக்குத் தெரியாது? மோந்து மோந்து எனக்குச் சளியே புடிச்சுப் போச்சு, ஒண்ணையுங் காணோம். மீனில்லாம சோறு எறங்காத பொம்பளை, கட்டலுக்கடியில மூட்டையை வெச்சுக்கிட்டு ரசஞ்சோறு திங்கறா. நீயே சொல்லு, நா என்ன நெனைப்பேன்?

— என்ன நெனச்சிய?

— நெனைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப்போட்டேன். விக்கறவ திங்கறதில்லைன்னு. மருதாகிட்ட மட்டுந்தான். அவதான் அன்னைக்கே ஊட்ல இருந்ததைச் சாக்கடையில கொட்டுனா. அதைய ஒரு பூனை தின்னு போச்சுன்னு, அது பொறத்தாலயே சுத்துனா, எங்கியாச்சும் சுருண்டு உழுகுமான்னு. அது நல்லாக் கொழுத்துப்போய்க் குட்டி போட்டிருக்குது. அந்தச் சேதியை மட்டும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேங்கறா.

— அந்தக் கடைசி வீட்டு ஒடிசாப் பயலுவளுமில்ல வாங்குனதைத் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டானுவ. மருதாக்காளுக்கு இந்தி தெரியாதே.

— அதுக்கு இந்தி எதுக்கு? வயித்தைப் புடிச்சு, கண்ணை மேல சொருகிக் காட்டியிருப்பா. அது அல்லா நாட்டு ஆளுக்கும் புரியும்.

— எக்கா, ஒண்ணு கேக்கேன். அந்தப் பூமி ஆடுன வாரம், ஒரு புதன்கெழமை, நா நெத்தியில சாம்பலோட வேலைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? என்ன ரோசு, திருநீறு பூசிட்டியே, எங்க முருகங்கிட்ட வந்துட்டியான்னு நாந்தானே கேட்டேன். நீ சிரிச்சுட்டுப் போனே.

— அன்னையிலேருந்து எங்களுக்குத் தபசு காலம். ஏசுசாமி பாடுபட்டதை நெனச்சு நாப்பது நாளு விரதம். கறி, மீனு, முட்டை ஒண்ணும் எங்க வீட்டுல ஏறாது. எங்கம்மை வளத்த வளப்பு அப்படி. கருவாட்டை வித்துக்கிட்டே விரதம் இருப்பாவ, அதுல ஒரு துண்டை நாக்குல வைக்க மாட்டாவ.

— நாப்பது நாளா?

— நீங்க சஷ்டிக்கு ஆறு நாளு இருப்பியள்லா. அது மாதிரி.

— அட சாமி. விரதமா அது. ஒரு வார்த்தை சொல்லப்படாதா கண்ணு?

— ஒரு வார்த்தை கேக்கப்படாதா? சன்னல்ல பாக்கத் தெரியுது, கதவைத் தட்டத் தெரியலியோ?

— கதவைத் தட்டுனா நீ உக்காருங்கம்பே, தண்ணி குடுப்பே. அப்பறம் எங்க பாக்கறது? செரி, உடு. நாளைக்கு டீ டைம்ல நானே சொல்லிப்போடறேன், அது விரதம்னு.

— சொன்னாப்ல கேட்டுருவாவளா? நீங்க மொதல்ல சொன்னது இனிப்பா இறங்கியிருக்கும். இது மருந்து. எங்க சூசையண்ணன் காலையிலேருந்து போன் அடிக்கான். நா எடுக்கல.

— என்னத்துக்கு அடிக்கறான்?

— வள்ளத்தை வெலைக்குக் கேட்டு ஒரு ஆளு வந்திருக்காராம். அடுத்த மூட்டையை நீ எடுத்துக்கிடுதேன்னு சொன்னா நா குடுக்கல, கடலுக்குப் போறேங்கான். இல்லன்னா வள்ளத்தைக் குடுத்துட்டு இங்க வந்திருதேங்கான். நம்ம கம்பெனி மருதாசலம் அண்ணன் அவனுக்குச் சாயப்பட்டறையில ஒரு வேலை பாத்து வச்சிருக்காவ.

— சாயப்பட்டறைக்கா? ஏன் கண்ணு, அந்தத் தண்ணிக்குப் பயந்து இந்தத் தண்ணிக்கு வாரானா?

— இங்கயாவது கண்ணுக்குத் தெரியுதுல்லா, எக்கா. செவப்புன்னா செவப்பு, ஊதான்னா ஊதா. நா பொறந்ததுலேருந்து மீனு நல்லதா கெட்டதான்னு செவுளைப் பாத்துச் சொல்லுவேன், மோந்து பாத்துச் சொல்லுவேன். உலையிலேருந்து வருதுங்காவளே, அதுக்கு நெறமும் கெடையாதாம், வாசமும் கெடையாதாம். கலந்திருக்குன்னு சொல்லவும் ஆளில்ல, கலக்கலன்னு எழுதித் தரவும் ஆளில்ல. இந்தச் சாக்குல இருக்குதது எங்கம்மை எப்பவும் அனுப்புததுதான். அதே உப்பு, அதே வெயிலு. கையில எடுத்தா அதே மாதிரிதான் இருக்கு.

— அப்பறமென்ன? இங்க பாரு, வாயால கெட்டதை வாயால சரி பண்ண முடியாதுங்கறே. செரி, மூக்கால பண்ணலாம். உன்ற விரதம் முடியற அன்னைக்குச் சொல்லு. சட்டியை அடுப்புல வை. சன்னல் ரண்டையும் தொறந்து உடு. நல்லெண்ணெயில நெத்திலியை வறு, இந்த லைன் ஊடு பூரா மணக்கோணும். அந்த ஒடிசாப் பசங்க ஊட்டு வரைக்கும் போகோணும். மருதாளை நாங் கூட்டியாறேன், ஒரு வேலை இருக்குதுன்னு சொல்லி. அவ வாரப்ப நீ வாசப்படியில உக்காந்து புள்ளைக்கு ஊட்டிட்டு இருக்கோணும். ஒண்ணும் பேச வேண்டாம். பெத்தவ தன்ற புள்ளை வாயில வெக்கறதைக் கண்ணால பாத்துட்டா, அப்பறம் எந்த மைக்கும் வேண்டாம், எந்த ஆபீசும் வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள சாக்கு காலியாயிரும். உங்கண்ணங்கிட்ட வள்ளத்தைக் குடுக்காதீங்கன்னு நானே போன்ல சொல்றேன். என்ன சொல்றே?

— நல்லாத்தான் இருக்கு, எக்கா.

— நல்லா இல்லாம? எப்ப முடியுது, அதைச் சொல்லு.

— என்னது?

— உன்ற விரதம். அந்த நாப்பது நாளு.

— அது எப்பமே முடிஞ்சு போச்சு, எக்கா. ஈஸ்டருக்குப் புதுச்சேலை கட்டிக்கிட்டுப் பிள்ளையோட கோயிலுக்குப் போனேனே, உங்களுக்குக்கூட கேக்குத் தந்தேனே, அன்னைக்கு. வந்ததும் சட்டியை வச்சேன். எண்ணெய் காஞ்சுது. நெத்திலிய அலசிக் கையில வச்சிருக்கேன், பிள்ளை பக்கத்துல வாயைத் தொறந்துகிட்டு நிக்கா. அடுப்பை அணைச்சிட்டு ரசம் வச்சேன்.