பெட்டிக்குள் திணித்த பஞ்சு

விதிமுறையெல்லாம் அப்புறம் பேசுவோம்... அதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை கேளுங்க. உங்கள மாதிரி வயரிங் வேலை பாக்கிற ஒருத்தரோட கதை.

அம்பாசமுத்திரத்துல பேச்சிமுத்துன்னு ஒரு வயர்மேன். செண்பகவல்லி அக்கா வீட்டுல, மாடித் தொட்டி குறைஞ்சா மோட்டார் தானா ஓடணும், நிறைஞ்சா தானா நிக்கணும். அதுக்கான ரிலே, மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற கான்டாக்டர் எல்லாத்தையும் ஒரு இரும்புப் பெட்டியில வச்சு, எர்த் கொடுத்து, நடைச் சுவருல மாட்டினார். பிளாஸ்டிக் டப்பா போதாதான்னு அந்த அக்கா கேட்டதுக்கு, "டப்பாவுல ஊறுகா போடுங்கக்கா, கரண்டைப் போடாதீங்க"ன்னு சொன்னவர் அவர்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில். அக்காவோட வீட்டுக்காரர் கோமதிநாயகம், பக்கவாதம் வந்து படுத்திருக்கார். மோட்டார் ஓடும்போது கான்டாக்டர் 'டக்'... நிக்கும்போது 'டக்'... ஒவ்வொரு தடவையும் அவர் திடுக்கிட்டு முழிச்சுக்குவார். அந்த அக்கா என்ன செஞ்சாங்க? மெயினை அணைச்சுட்டு, பழைய தலகாணியைக் கிழிச்சு, இலவம்பஞ்சை எடுத்து, கான்டாக்டரைச் சுத்தித் திணிச்சு மூடிட்டாங்க. சத்தம் அடங்கிருச்சு. அவரும் தூங்கினார்.

ஒரு மாசம் கழிச்சு பல்பு மாட்டப் போன பேச்சிமுத்து, நாம வச்ச பெட்டிதானேன்னு திறந்தார்... பஞ்சைப் பாத்தார். கான்டாக்டர்ல பொறி வரும், உள்ள இருக்கிற கம்பிச் சுருள் சூடாகும்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் அந்த வீட்டுல ஒரு மனுஷன் தூங்குறார். அக்காகிட்ட எப்படிச் சொல்ல? அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு மூடிட்டு வந்துட்டார்.

அடுத்த தடவை வரல. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பஞ்சு கருகிப் பத்திக்கிச்சு. இரும்புப் பெட்டி தீயை வெளிய விடல. ஆனா புகை? வயர் போற ஓட்டை வழியா அறைக்குள்ள போச்சு. எழுந்து ஓட முடியாத மனுஷன்... பக்கத்து வீட்டுக்காரங்கதான் தூக்கிட்டு வந்தாங்க.

ஆஸ்பத்திரியில அந்த அக்கா பேச்சிமுத்துவைத் திட்டல. கேட்டாங்க.

"பல்பு மாட்ட வந்த அன்னிக்குப் பெட்டியைத் திறந்தியே... பஞ்சைப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"ஏன்ய்யா சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு..."



கோமதிநாயகம் பிழைச்சார். மூச்சு மட்டும் பழையபடி திரும்பல. புதுப் பெட்டியைக் கட்டிலை விட்டுத் தள்ளி, பின்பக்கச் சுவருல மாட்ட பேச்சிமுத்துவுக்கு ஒரு பகல் ஆச்சு. ஒரே ஒரு பகல். முன்னாடியே செஞ்சிருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அண்ணன்மாரே... பஞ்சை வச்சவங்களுக்குத் தெரியாது. புருஷன் தூங்கணும்னு வச்சாங்க. தெரிஞ்சவர் யாரு? கான்டாக்டரைச் சுத்தி நாம விடுற காலி இடம் வீண் இல்ல, அதுவும் நம்ம வேலைதான்னு அவங்களுக்கு யார் சொல்லணும்? நாளைக்கு நீங்களும் ஒரு பெட்டியைத் திறப்பீங்க. உள்ள பஞ்சு இருக்கலாம், பழைய துணி இருக்கலாம். எடுத்து அவங்க கையில கொடுங்க. ஏன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கட்டும்... உங்களை இனிமே கூப்பிடாமலே போகட்டும். அந்த வீட்டுல எல்லாரும் உயிரோட இருந்து உங்க மேல கோவப்படட்டும்.