சுனாமி விளையாட்டில் ஒரு திருத்தம்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் செல்லும் கப்பலில், முன்னிருக்கைப் பெண்மணி தம் தம்பியிடம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தவாறு கூறிய சொற்கள் என் வாசிப்பை நிறுத்தின.

“நீ செஞ்ச சுனாமி கேம்ல எங்க வீட்டுக்காரரக் காப்பாத்திட்டேன்டா. மூணாவது தடவைல.”

“அச்சா! நல்லதுதானேக்கா?”

“அன்னிக்கு எனக்கு ஒரு தடவதானே கெடச்சுது?”

தம்பியார் கைப்பேசியில் அந்த விளையாட்டைத் திறந்தார்.

“நீ வேண்டாம்னா சொல்லு, இப்பவே டிலீட் பண்ணிடுறேன்.”

“அரே, பாகலாடா நீ, பைத்தியக்காரா? அழிக்காத. ஒருத்தருக்கு ஒரே தடவன்னு வை. தோத்தா அவ்வளவுதான்.”

“மறுபடி ஆட முடியலன்னா எல்லாரும் திட்டுவாங்கக்கா.”

“திட்டட்டும். அவர் கைய ஏன் விட்டேன்னு எம் மாமியார் இன்னும் கேக்காங்க. மொதல்ல அவங்ககிட்ட குடு, ஆடிப் பாக்கட்டும்.”