சர்மிளாவின் கைராசி

வீட்டில் இன்டர்நெட் மெதுவாக வந்தால் எல்லோரும் முதலில் கம்பெனிக்காரனைத்தான் திட்டுவார்கள். பாதிக் கோளாறு வீட்டுக்குள் ஓடுகிற வயரில்தான் இருக்கும், மச்சான். ஹட்டனில் என் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உங்கள் தங்கச்சி சர்மிளாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுத் தலவாக்கலையிலிருந்து வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

சர்மிளா வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாப்பா பிறந்த பிறகும் விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டே பாடம் எடுத்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது, படம் நின்று நின்று வரக் கூடாதென்று ரவுட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்ததே நான்தான். நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பார்த்தால், வீட்டுப் பக்கத்துக் கொட்டகலை பஜாரில் எவனைக் கண்டாலும் "சர்மிளா டீச்சர் வீட்டுக்காரரா?" என்கிறான். கொழும்புக்கு வந்தால் பெரிய வேலை தருகிறார்களாம், குடும்பத்தோடு போய்விடலாமா என்று அவளும் ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

ரவுட்டருக்குள் வைஃபையைத் தொடாமல் வயர்களின் வேகத்தை மட்டும் குறைத்து வைக்க வழி உண்டு. கடையில் இருந்தபடியே போனில் செய்துவிடலாம். அவள் பாடம் தொடங்கினால் குறைப்பேன், எழுந்ததும் பழையபடி வைப்பேன். வேறொன்றும் செய்யவில்லை.

உங்கள் தங்கச்சி லேசுப்பட்டவள் இல்லை. வயரை மாற்றினாள், வேறு துவாரத்தில் செருகினாள், ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டாள். போனில் வைஃபை பறக்கிறது, வயர் மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். நானும் கூடவே உட்கார்ந்து பொறுமையாகச் சோதித்தேன். கம்பெனி ஆள் வந்து பார்த்தான், நன்றாக ஓடியது. என் அக்கா நாகலெட்சுமி உட்கார்ந்து பார்த்தாள், அப்போதும் ஓடியது. இவள் பாடம் எடுக்க உட்கார்ந்தால் மட்டும் படம் உறைந்துவிடும். பெற்றோர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"நான் தொட்டா மட்டும் ஏங்க இப்படி ஆவுது?" என்று ஒரு நாள் அழுதாள்.

"ஒனக்குக் கைராசி இல்ல புள்ள. சில பேருக்கு அப்படித்தான்" என்றேன்.

சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த மாதமே வேலை போய்விட்டது. வேகத்தை உடனே சரிசெய்து வைத்துவிட்டேன், அந்த விஷயத்தில் என்மேல் குறை சொல்ல முடியாது.

அவள்தான் அதை அத்தோடு விடவில்லை. பால் திரிந்தால் தன் கை என்றாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டைத் தொட மாட்டேன் என்றாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள்தான் தூக்கி வைத்திருந்தாளாம். அன்றிலிருந்து பிள்ளையைத் தொடுவதே இல்லை. பாலூட்டுவதையும் நிறுத்திவிட்டாள். அக்காதான் புட்டியில் கொடுக்கிறாள். இவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, குடித்தாளா, குடித்தாளா என்று வாசலில் நின்று கேட்கிறாள். நீங்களும்தான் வரும்போது வீட்டில் பார்த்திருப்பீர்களே.

ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்துத்தான் சொல்லாமல் இருக்கிறேன். சொன்னால் மறுபடியும் வேலை, கொழும்பு என்று கிளம்பிவிடுவாள். கைப்பிள்ளைக்கு அம்மா வேண்டாமா, மச்சான்?