விரியவிட்ட காளான்

காளான் வளர்ப்பதைப் பெரிய வித்தையாகப் பேசுகிறார்கள் சார். அப்படி ஒன்றும் இல்லை. வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வித்து தூவிக் கட்டித் தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொட்டகையைச் சுற்றிச் சாக்கு கட்டி வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால், அது பாட்டுக்கு மொட்டு விட்டு வந்துவிடும்.

இதை முதலில் கற்றுக்கொண்டு வந்தவள் என் மனைவி வளர்மதிதான். அவள் வைகாசியில் இறந்துபோனாள். அவளுடைய அண்ணன் வெங்கடேசன் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். மச்சான் நல்ல மனிதர். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் முழுக் கதையும் இல்லை, அவ்வளவுதான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

திருப்புலிவனத்தில் எங்களுடையது தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நான் விளைவித்த நெல்லைப் பார்த்து வியாபாரி மூக்கைச் சுளிப்பான். அதே வயலின் வைக்கோலில் அவள் விளைவித்ததை வாங்கக் காஞ்சிபுரத்திலிருந்து வண்டி வீடு தேடி வந்தது. கொட்டகைக்குப் பக்கத்து அறையில் தட்டுத் தட்டாக வெந்தயம், கடுகு, முள்ளங்கி விதைத்து, விரல் உயரம் வந்ததும் கத்தரித்து டப்பாவில் அடைத்துக் கொடுப்போம். மைக்ரோகிரீன் என்பார்கள். ஊரில் கோழித் தீனி என்று கேலி பண்ணினார்கள். அது என் பொறுப்பு. ஜன்னல் வைத்த அறை, நல்ல காற்று வரும்.

உத்திரமேரூரில் ஒரு விழாவில் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். காளான் பையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். என்னுடைய கை மட்டும் இருந்தது. டீக்கடைக்குப் போனால், "காளானக்கா வூட்டுக்காரர் வராரு, பெஞ்ச வுடுங்கடா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது சார், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அவள் கெட்டவள் இல்லை. ஆனால் எதையும் என்னைக் கேட்டுச் செய்ததில்லை. செய்துவிட்டுச் சொல்வாள், அதுவும் சிரித்த முகமாக.

சிப்பிக் காளானை ஓரம் உள்பக்கம் வளைந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். விட்டால் குடைபோல விரிந்து, அடியிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டும். புரட்டாசியில் எங்கள் பக்கம் பெருமாளுக்காகக் கறியை நிறுத்திவிடுவார்கள். நாக்கு மட்டும் கறியை நிறுத்தாது. அதனால் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த காளானாகக் கேட்பார்கள், மசாலா போட்டால் கறித் துண்டு போலவே இருக்கும் என்று. நான்தான் இன்னும் ஒரு நாள் விட்டுப் பறிக்கச் சொன்னேன்.

"விரிய வுட்டா தூள் கொட்டுது மாமா. தொண்டைய அறுக்குது" என்றாள்.

"வியாபாரம் அப்பிடி கேக்குது. நான் இன்னா செய்யறது?" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

கார்த்திகையில் இருமல் பிடித்தது. கொட்டகையில் வேலை செய்த நாளெல்லாம் சாயங்காலம் காய்ச்சல் வரும். பொங்கலுக்குப் பெருநகர் கிராமத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், அங்கே இருந்த நாளெல்லாம் நன்றாக இருந்தாள். திரும்பி வந்து கொட்டகைக்குள் நுழைந்ததும் மறுபடி மூச்சு இழுத்தது. மாசியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நான் அழைத்துப் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தபோது டாக்டர் என்னிடம் விசாரித்தார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். "அந்தத் தூள்தான். நுரையீரலுக்கு ஒத்துக்கலை. இனிமே கொட்டகைக்குள்ள விடாதீங்க. இப்ப நிறுத்தினா சரியாயிடும். நிறுத்தலேன்னா உயிருக்கே ஆபத்து" என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கும் நன்றாகவே புரிந்தது.

வெளியே வந்ததும், "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"சளி கட்டிக்கினு கீதாம். மாத்திர குடுத்துக்கீறாரு, ஆவியும் புடிக்கச் சொன்னாரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். பஸ் வந்துவிட்டது சார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒரு நாள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பறித்தாள். வாங்க வருகிறவர்கள் ஏதோ மருந்து அடிக்கிறோம் என்று நினைப்பார்கள், அவிழ்த்துவிடு என்றேன். இன்னொரு நாள், "நீ கொட்டாயப் பாரு, கீரைத் தட்ட நான் பாத்துக்கறேன்" என்று உத்தரவு போட்டாள். அப்படித்தான் பேசுவாள். "கைராசி உனக்குத்தான் கீது. நான் கை வெச்சா பை அழுவிப்பூடும்" என்றேன். நான் அவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்துபோய்விட்டது, பாவம்.

புரட்டாசி போய் எவ்வளவோ நாளாகியும் விரியவிட்டுத்தான் பறிக்கச் சொன்னேன். சித்திரை வெயிலில் ஈரம் காயாமல் இருக்கக் காற்றுப் போகிற திறப்புகளைத் தார்ப்பாயால் மூடினேன். கோடையில் அது வழக்கம்தான், விசாரித்துப் பாருங்கள்.

வைகாசியில் ஒரு காலை, கீரை அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல மாமா. கொட்டாய வுட்டுடட்டுமா? நீயே சொல்லு. நீ இன்னா சொல்றியோ அப்பிடியே செய்யறேன்."

அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் கேட்டுவிட்டால் விட்டுவிடு என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவள் விடத் தயாராக வந்து நிற்கிறாள். நான் விடு என்றால், அவள் நோவுக்கு அடங்கினதாக ஆகுமே தவிர எனக்கு அடங்கினதாக ஆகாது.

"பையெல்லாம் விரிஞ்சு நிக்குது. போயி பறி" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். சுவரைப் பிடித்து எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே அவள் விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொல்லையில் இருந்தவர்கள்தான் வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மச்சான் சொல்கிறாரே என்று, அவள் எனக்கு வேண்டாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள். மூச்சுக்கூட விட முடியாத நேரத்தில் மறுபேச்சு இல்லாமல் புருஷன் சொல்லைக் கேட்டாள் சார். எங்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.